சயின்ஸ் ஃபிக்ஷன் எழுத்தாளர்கள் பேச்சுல எதைக் கேக்கணும்?

கேள்வி சுருக்கமா இதுதான்: சயின்ஸ் ஃபிக்ஷனும் ஃபேன்டஸியும் விழுந்து விழுந்து படிக்கிறீங்க, ஆனா அதே எழுத்தாளர் மேடைல பேசறதையோ ஒரு பேட்டியையோ போட்டா பத்து நிமிஷத்துல கை தானா அதை மூடிடுது, மத்தவங்க அதை மணிக்கணக்கா எப்படி ரசிச்சுக் கேக்கறாங்க, எங்கேர்ந்து ஆரம்பிக்கறது, என்னைக்காவது நேர்ல போக வாய்ச்சா என்ன கேக்கறது. இந்த மாதிரி பேச்சுகளை பல வருஷமா தேடித் தேடிக் கேக்கற ஆளு நான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

போர் அடிக்கறதுக்கு முக்கியமான காரணம் நாம எதை எதிர்பாத்து உக்காரறோம்ங்கறதுதான். இவங்க எதிர்காலத்தைப் பத்தி எழுதறவங்க, அதனால எதிர்காலத்தைப் பத்தி ஏதாவது சொல்லப்போறாங்கன்னு நினைச்சு உக்காருவோம், பேட்டி எடுக்கறவரும் அதையேதான் கேப்பார். நீங்க எழுதுனது பலிச்சிடுச்சே, அம்பது வருஷம் கழிச்சு உலகம் எப்படி இருக்கும், இந்த ஐடியா எல்லாம் எங்கேர்ந்து வருது. இந்த மூணு கேள்விக்கும் எழுத்தாளர் நூறு தடவை பதில் சொல்லியிருப்பாங்க, நூத்தியோராவது தடவை கேக்கறப்போ குரல்லயே அது தெரியும், கேக்கற நமக்கும் சப்புன்னு ஆயிடும். ருசி வேற இடத்துல இருக்கு. ஒரு கேள்வியை நீட்டினா நல்ல ஊகப் புனைவு (சயின்ஸ் ஃபிக்ஷன், ஃபேன்டஸி ரெண்டையும் சேர்த்து சொல்ற பேரு) எழுத்தாளர் அதை அப்படியே கையில வாங்க மாட்டாங்க. அந்தக் கேள்விக்கு அடியில நாம எல்லாரும் யோசிக்காம ஒத்துக்கிட்டு வந்த ஒரு விஷயம் இருக்கும் பாருங்க, அதை உருவி எடுத்து, இது இப்படித்தான் இருந்தாகணுமான்னு கேப்பாங்க. கதை எழுதறப்போ அவங்க செய்யற வேலையே அதுதான், உலகத்துல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்திட்டு மிச்சம் என்னாகுதுன்னு பாக்கறது. மேடைல அதே வேலை நம்ம கண்ணு முன்னாடி நடக்குது, எடிட்டிங் இல்லாம, அடுத்த வார்த்தை என்னன்னு அவங்களுக்கே தெரியாத நிலைமைல. அந்த நிமிஷத்துக்காகக் காத்திருந்து கேக்கப் பழகிட்டா ஒரு மணி நேரம் போறதே தெரியாது.

உதாரணம் சொன்னாத்தான் புரியும். ஆக்டேவியா பட்லர், அமெரிக்காவோட கறுப்பின பெண் எழுத்தாளர், 1947ல பாசடீனால பொறந்தவங்க, 1995ல மெக்கார்தர் ஃபெல்லோஷிப் வாங்கினாங்க, அதை வாங்கின முதல் சயின்ஸ் ஃபிக்ஷன் எழுத்தாளர் அவங்கதான். 2000ல சார்லி ரோஸோட டிவி ஷோவுக்கு வந்திருந்தாங்க. அவர், இனத்தைப் பத்தி நீங்க மையமா சொல்ல வர்றது என்னன்னு கேக்கறார். மேலோட்டமா பாத்தா நல்ல கேள்விதான், மரியாதையான கேள்வியும்கூட. அவங்க, மையமா ஏதாவது சொல்லணும்னு எனக்கு இருக்கா என்னன்னு திருப்பிக் கேட்டுட்டு, நாங்களும் இங்க இருக்கோம்ங்கறதைத் தாண்டியான்னு முடிச்சுடறாங்க. அவ்வளவுதான் பதில். கறுப்பின எழுத்தாளர்னா இனத்தைப் பத்தி ஒரு செய்தி வெச்சிருக்கணும்னு ஒரு எதிர்பார்ப்பு அந்தக் கேள்விக்குள்ள இருந்துச்சு. அவங்க கோபப்படல, குரலை உயர்த்தல, அந்த எதிர்பார்ப்பை மட்டும் வெளிய எடுத்து வெச்சுட்டாங்க. அவங்க குரல் நல்ல கனமான குரல், நிதானமா வரும், அந்த நிதானத்துல இந்த வரி வந்து விழறப்போ வர்ற உணர்வு, எழுத்துல படிச்சா பாதிதான் கிடைக்கும்.

பட்லர் பேட்டிகள்ல இன்னொரு விஷயம் இருக்கு, இதைக் கொஞ்சம் விவரமா சொல்லணும். 1979ல வந்த 'கிண்ட்ரெட்' நாவல்ல, இந்தக் காலத்து கறுப்பினப் பொண்ணு ஒருத்தி அடிமை முறை இருந்த காலத்துக்கு இழுத்துட்டுப் போகப்படறா. இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவங்க பல பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. காலேஜ்ல கூடப் படிச்ச ஒரு பையன், கறுப்பின வரலாறு நிறைய தெரிஞ்சவன், ஒரு நாள் சொல்றான், இத்தனை காலமா நம்மள முன்னேற விடாம இழுத்துப் பிடிச்சிருக்கற இந்தப் பெரிசுங்களை எல்லாம் கொன்னுடலாம்னு தோணுது, ஆனா என் அப்பா அம்மாகிட்டேருந்து ஆரம்பிக்கணுமே, அதனால முடியலன்னு. பட்லரோட அம்மா வீட்டு வேலை செஞ்சவங்க. சின்ன வயசுல அம்மா கூடப் போறப்போ அவங்க பின்வாசல் வழியா உள்ள போறதையும், காதுபடவே அவமரியாதையா பேசறவங்களுக்கு அம்மா எதுவும் பதில் சொல்லாம இருக்கறதையும் பாத்து இந்தப் பொண்ணுக்கு ஆத்திரமா வந்திருக்கு. அப்புறம்தான் தன் தட்டுல சோறு விழுந்ததே அம்மா அப்படிப் பொறுத்துப் போனதாலதான்னு புரிஞ்சிருக்கு. அந்தப் பையனுக்கு வரலாறு தகவலா தெரியும், உடம்புல தெரியாது, அப்போ இந்தக் காலத்து ஆள் ஒருத்தரை அந்தக் காலத்துக்கே அனுப்பி அங்க பொழைக்க முடியுதான்னு பாக்கலாம்னு நாவல் அப்படித்தான் பொறந்திருக்கு. முதல்ல ஹீரோவா ஒரு ஆம்பளையைத்தான் வெச்சாங்களாம். ஆனா இந்தக் காலத்து நிமிர்ந்த பார்வையோட ஒரு கறுப்பின ஆண் அங்க போனா ஆபத்தான ஆளுன்னு சொல்லி சீக்கிரமே கொன்னுடுவாங்க, கதையே நகராதுன்னு புரிஞ்சதும் பொண்ணா மாத்தியிருக்காங்க. இதைக் கேட்டுட்டு அந்த நாவலைத் திரும்பப் படிச்சுப் பாருங்க, கதாநாயகி வாயை மூடிட்டு நிக்கற ஒவ்வொரு இடமும் அந்தப் பின்வாசல்ல நின்ன அம்மாவோட இடமா தெரியும். ஐடியா எங்கேர்ந்து வருதுன்னு பொதுவா கேட்டா இது கிடைக்காது, இந்த ஒரு புத்தகம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டாத்தான் கிடைக்கும்.

டெட் சியாங் பேசறதை நான் எல்லாருக்கும் சிபாரிசு பண்ணுவேன். 1990ல முதல் கதை வந்தது, அதுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் ரெண்டே ரெண்டு தொகுப்பு, ரொம்ப காலம் கம்ப்யூட்டர் துறையில டெக்னிக்கல் ரைட்டரா வேலை பாத்தவர். 2021 மார்ச்ல அமெரிக்கப் பத்திரிகையாளர் எஸ்ரா க்ளைனோட பாட்காஸ்ட்ல வந்தார். அதுல பிரிட்டிஷ் சயின்ஸ் ஃபிக்ஷன் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கோட ரொம்ப பிரபலமான விதி பேச்சுக்கு வருது, போதுமான அளவு முன்னேறிய எந்தத் தொழில்நுட்பமும் மந்திரத்துலேர்ந்து பிரிச்சுப் பாக்க முடியாததா இருக்கும்னு ஒண்ணு, எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க. சியாங் அதுக்குத் தலையாட்டல. பாக்கறதுக்கு ஒண்ணு போல இருக்குங்கறது ஒரு பக்கம், ஆனா உள்ளுக்குள்ள ரெண்டும் வேற வேற மாதிரி உலகம்ங்கறார். தொழில்நுட்பம் யார் கையில இருந்தாலும் வேலை செய்யும், ஃபேக்டரில லட்சக்கணக்குல செஞ்சு விக்கலாம். மந்திரம் அப்படி இல்ல, சொல்றவன் யாரு, மனசு சுத்தமா, என்ன தியாகம் பண்ணினான்னு பாக்கும். அதாவது மந்திரம் இருக்கற உலகத்துல பிரபஞ்சம் உங்களை ஒரு தனி ஆளா அடையாளம் கண்டுக்குது, விஞ்ஞானம் இருக்கற உலகத்துல கண்டுக்கறதில்ல. இதைக் கேட்ட பிறகு ஃபேன்டஸியும் சயின்ஸ் ஃபிக்ஷனும் எங்க பிரியுதுன்னு எனக்கு டிராகன் இருக்கா ராக்கெட் இருக்கான்னு பாக்கவே தோணறதில்ல. அதே பேட்டில செயற்கை நுண்ணறிவு பத்தின பயம் பேச்சுக்கு வருது, மெஷின் முழிச்சுக்கிட்டு நம்மள ஆளப்போகுதாங்கற வழக்கமான பயம். அவர், தொழில்நுட்பத்தைப் பத்தி நாம பயப்படறதுல பெரும்பாலானது முதலாளித்துவத்தைப் பத்தின பயம்தான், அது தொழில்நுட்பத்தை நமக்கு எதிரா எப்படித் திருப்பும்ங்கற பயம்னு சொல்லி, விவாதத்தையே மெஷின்கிட்டேர்ந்து அதோட ஓனர்கிட்ட கொண்டு போயிடறார். சாட்ஜிபிடி வர்றதுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடி பேசினது இது.

சரி, கணிப்பே கேக்கக்கூடாதான்னா, கேக்கலாம், ஆனா பலிச்சதா இல்லையான்னு மார்க் போடறதுக்காகக் கேக்காதீங்க. கிளார்க்கையே எடுத்துக்கங்க. 1964ல பிபிசி ஹொரைசன் நிகழ்ச்சில பேசறப்போ ஆரம்பத்துலயே சொல்லிடறார், நான் சொல்றது உங்களுக்கு நியாயமா பட்டா நான் தோத்துட்டேன்னு அர்த்தம், நம்பவே முடியலன்னு பட்டாத்தான் உண்மையான எதிர்காலத்தைக் கொஞ்சமாவது பிடிச்சிருக்கேன்னு அர்த்தம். அப்புறம் உலகத்துல எங்க இருக்கறவங்களையும் உடனே தொடர்பு கொள்ளலாம், எடின்பரோல இருக்கற டாக்டர் நியூசிலாந்துல இருக்கறவருக்கு மூளை ஆபரேஷன் பண்ணலாம், வேலைக்காக ஊர்விட்டு ஊர் போகத் தேவையிருக்காதுன்னு போறார். அதே மூச்சுல சிம்பன்சிகளை புத்திசாலியா வளர்த்து வேலைக்கு வெச்சுக்கலாம்னும் சொல்றார். முதல் பாதியை மட்டும் வெட்டிப் போட்டு தீர்க்கதரிசின்னு சுத்தற கிளிப் நிறைய இருக்கு, முழுசா பாக்கறதுதான் நல்லது, ஏன்னா ரெண்டையும் ஒரே தர்க்கத்துல, ஒரே உற்சாகத்துல சொல்றார். ஒரு மனுஷன் தனக்குத் தெரிஞ்சதுலேர்ந்து தெரியாததுக்கு எப்படித் தாவறான்னு அதுல தெரியும்.

1974ல ஆஸ்திரேலியாவோட ஏபிசி டிவிக்கு கிளார்க் கொடுத்த பேட்டி இன்னும் அழகு. ரூம் நிறைய பெரிய பெரிய கம்ப்யூட்டர் அலமாரிகள், அதுக்கு நடுவுல நின்னு பேசறாங்க, ரிப்போர்ட்டர் தன் சின்னப் பையனைக் கூட்டிட்டு வந்திருக்கார், 2001ல இவன் பெரியவனாகறப்போ என்ன மாறியிருக்கும்னு கேக்கறார். கிளார்க் பையனைப் பாத்துட்டுச் சொல்றார், இவன் வீட்டுலயே ஒரு கருவி இருக்கும், பேங்க் கணக்குலேர்ந்து தியேட்டர் டிக்கெட் வரைக்கும் அதுலயே வந்துடும், நாம டெலிபோனை எப்படி சாதாரணமா எடுத்துக்கறோமோ அப்படி எடுத்துப்பான். உடனே ரிப்போர்ட்டர், அப்போ கம்ப்யூட்டரை நம்பியே வாழற சமூகமா ஆயிடுவோமான்னு கவலையா கேக்கறார். ஒரு வகைல ஆமான்னு ஒத்துக்கிட்டு, ஆனா எங்க வேணா வாழலாம்ங்கற சுதந்திரம் கிடைக்கும், ஒரு பிசினஸ் பண்றவர் பூமில எந்த மூலைல உக்காந்தும் வேலை பாக்கலாம்னு அதைத் திருப்பறார். இதைச் சொல்ற ஆள் இங்கிலாந்தை விட்டுட்டு 1956லயே இலங்கைல வந்து உக்காந்தவர். கடலுக்கடியில முக்குளிக்கறதுக்காகத்தான் வந்தார், திருகோணமலைல கோணேஸ்வரம் கோயிலோட இடிபாடுகளைக் கடலுக்கடியில தேடிப் பாத்தவங்கள்ல அவரும் ஒருத்தர். கொழும்புல இருந்துக்கிட்டு உலகத்தோட தொடர்புல இருக்கணும்ங்கறது அவரோட சொந்தத் தேவை, அதுவும் அந்தக் கணிப்புக்குள்ள இருக்கு. ஆளோட வாழ்க்கை கொஞ்சம் தெரிஞ்சு கேட்டா பேச்சு இப்படித்தான் திறக்கும்.

அவரோட கடைசி வீடியோவையும் பாருங்க. 2007 டிசம்பர்ல தொண்ணூறாவது பிறந்தநாளுக்காகப் பதிவு பண்ணது, போலியோவோட பின்விளைவால வீல்சேர்ல இருந்த காலம். மூணு ஆசை சொல்றார். வேற்றுக்கிரக உயிர்கள் இருக்கறதுக்கு ஆதாரம் கிடைக்கணும், எண்ணெயை நம்பி வாழறதை விட்டுட்டு சுத்தமான எரிசக்திக்கு மாறணும், மூணாவது இலங்கைல நிலையான அமைதி வரணும். அம்பது வருஷமா இங்க இருக்கேன், அதுல பாதிக் காலம் நான் என் நாடா ஏத்துக்கிட்ட இந்த நாட்டைப் பிளந்த சண்டைக்கு சோகமான சாட்சியா இருந்திருக்கேன்னு சொல்றார், அமைதி சும்மா ஆசைப்பட்டா வந்துடாது, உழைப்பும் தைரியமும் விடாமுயற்சியும் வேணும்னும் சொல்றார். விண்வெளியைப் பத்தியே வாழ்நாள் பூரா பேசினவர்கிட்ட இந்த மூணாவது ஆசையை யாரும் எதிர்பாத்திருக்க மாட்டாங்க. 2008 மார்ச்ல இறந்துட்டார். போர் 2009 மே மாசம் எப்படி முடிஞ்சதுன்னு நமக்குத் தெரியும், அதனாலேயே தமிழ் ஆளுங்க அந்த வீடியோவை வேற மனநிலைலதான் பாக்க முடியும்.

அமெரிக்க எழுத்தாளர் ஊர்சுலா லெ குவின் 2014 நவம்பர்ல நேஷனல் புக் ஃபவுண்டேஷன் பதக்கம் வாங்கினப்போ பேசினது சுமார் ஆறு நிமிஷம்தான். எனக்கு இந்த வகைல இதுக்கு மேல ஒண்ணு கிடையாது. அவங்களுக்கு அப்போ 85 வயசு. நியூயார்க்ல பதிப்பகப் பெரிய மனுஷங்க எல்லாம் டின்னர் டேபிள்ல உக்காந்திருக்கற சபை. முதல்ல இந்த விருதை, இத்தனை காலம் இலக்கியம்னு ஒத்துக்கப்படாம வெளியவே நிறுத்தப்பட்ட ஃபேன்டஸி, சயின்ஸ் ஃபிக்ஷன் எழுத்தாளர்களோட பங்கு போட்டுக்கறேன்னு சொல்றாங்க. அதுவரைக்கும் எல்லாரும் சிரிச்ச முகமா இருக்காங்க. அடுத்து, கஷ்டமான காலம் வருது, இப்ப நாம வாழற விதத்துக்கு மாற்று இருக்குன்னு பாக்கத் தெரிஞ்ச எழுத்தாளர்கள் தேவைப்படுவாங்கன்னு ஆரம்பிச்சு, என் சொந்தப் பதிப்பாளர்களே பொது நூலகங்கள்கிட்ட ஈ-புக்குக்கு சாதாரண வாசகனைவிட ஆறு ஏழு மடங்கு வாங்கறாங்கன்னு, அந்தப் பதிப்பாளர்கள் உக்காந்திருக்கற ஹால்லயே சொல்றாங்க. அப்புறம்தான் அந்த வரி: நாம முதலாளித்துவத்துல வாழறோம், அதோட அதிகாரத்துலேர்ந்து தப்பவே முடியாதுன்னு தோணுது, ராஜாக்களோட தெய்வீக உரிமையும் ஒரு காலத்துல அப்படித்தான் தோணுச்சு. இந்த ரெண்டு பாதிக்கும் நடுவுல அவங்க விடற இடைவெளியைக் கேளுங்க. எழுத்துல இது எல்லா இடத்துலயும் கிடைக்குது, டி-ஷர்ட்ல கூடப் போட்டுட்டாங்க, ஆனா அதை யார் முகத்துக்கு நேரா சொன்னாங்கங்கறது வீடியோல மட்டும்தான் இருக்கு. நம்ம அழகான வெகுமதியோட பேரு லாபம் இல்ல, சுதந்திரம்னு முடிக்கறாங்க. 2018 ஜனவரில இறந்துட்டாங்க.

இப்படி வெட்டுறவங்க மட்டும் இல்ல, கதை சொல்றவங்களும் உண்டு. ரே பிராட்பரி மேடைக்குப் போனாலே ஒரே கதைகளைத்தான் திரும்பத் திரும்ப சொல்வார். பணம் இல்லாத காலத்துல யுசிஎல்ஏ லைப்ரரியோட பேஸ்மென்ட்ல வாடகை டைப்ரைட்டர்ல உக்காந்து எழுதினது, அரை மணி நேரத்துக்குப் பத்து சென்ட் காசு போடணும், 'ஃபாரன்ஹீட் 451'ஓட முதல் வடிவம் முடியறப்போ மொத்தம் ஒன்பது டாலர் எண்பது சென்ட் செலவாச்சு, காசு தீர்றதுக்குள்ள பக்கத்தை முடிக்கணும்னு வேகமா அடிச்சார்னு. இதை ரெண்டு மூணு மேடைல கேட்டா ஏற்கனவே கேட்டதுதானேன்னு தள்ளிடாதீங்க. எங்க நிறுத்தறார், எந்த ஊர்ல எதைச் சேக்கறார்னு கவனிச்சா, பாகவதர் ஒரே கதையை ஒவ்வொரு சபைல வேற வேற மாதிரி எடுக்கறதைக் கேக்கற சுகம் இருக்கும். 2001ல சான் டியேகோல பாயின்ட் லோமா யுனிவர்சிட்டில பேசினது யூட்யூப்ல முழுசா இருக்கு. வாரம் ஒரு சிறுகதைன்னு ஒரு வருஷம் எழுதுங்க, வரிசையா 52 மோசமான கதை எழுத யாராலும் முடியாதுன்னு அவர் சொன்னது அங்கதான். எழுத ஆசை இருக்கறவங்க அதைக் கண்டிப்பா கேக்கணும், இல்லாதவங்களும் அந்த மனுஷனோட சந்தோஷத்துக்காகவே கேக்கலாம். டெக்னிக்கா எழுதக் கத்துக்கணும்னா பிராண்டன் சாண்டர்சன் பிரிகம் யங் யுனிவர்சிட்டில எடுத்த வகுப்புகள் மொத்தமும் இலவசமா கிடைக்குது, ஆனா அது வகுப்பு, பேச்சு இல்ல.

சொதப்பின பேச்சுகளையும் ஒதுக்காதீங்க. பிலிப் கே. டிக் 1977 செப்டம்பர்ல ஃபிரான்ஸ்ல மெட்ஸ் நகரத்துல நடந்த விழாவுல பேசினார். நாம கம்ப்யூட்டர்ல எழுதப்பட்ட ஒரு நிஜத்துக்குள்ள இருக்கோம், ஏதாவது ஒரு மாறியை மாத்தறப்போதான் நமக்கு அது தெரிய வருதுன்னு பேப்பரைப் பாத்து சீரியஸா வாசிக்கறார், கேமரா ஆடியன்ஸ் பக்கம் திரும்பறப்போ முகத்துல எல்லாம் குழப்பம். மேடைப் பேச்சா பாத்தா அது எடுபடல. ஆனா அந்த மனுஷன் சொல்றதை முழுசா நம்பித்தான் சொல்றார்ங்கறது அந்த வீடியோல தெரியற அளவுக்கு எந்த வாழ்க்கை வரலாறுலயும் தெரியல. ஃபேன்டஸி எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் 2010 பிப்ரவரில ரிச்சர்ட் டிம்பிள்பி லெக்சர் கொடுத்தப்போ அவருக்கு மூளையோட பின்பகுதியைப் பாதிக்கற ஒரு வகை அல்சைமர், பேப்பரைப் பாத்து வாசிக்க முடியாது. ஆரம்பத்துல தான் கொஞ்சம் பேசிட்டு மிச்சத்தை நடிகர் டோனி ராபின்சனை வாசிக்க வெச்சுட்டு பக்கத்துலயே உக்காந்திருக்கார். தன் சாவைத் தானே தேர்ந்தெடுக்கற உரிமை பத்தின பேச்சு அது. தன் வார்த்தைகளை இன்னொருத்தர் வாசிக்க அவர் கேட்டுக்கிட்டு இருக்கற முகத்தைப் பாக்கறது லேசான விஷயம் இல்ல, மனசு திடமா இருக்கற நாளா பாத்துப் போடுங்க.

இனி நேர்ல போறது. இந்த உலகத்துல முக்கியமான கூட்டம் வேர்ல்ட்கான், 1939ல நியூயார்க்ல ஆரம்பிச்சது, வருஷா வருஷம் வேற ஊர், சயின்ஸ் ஃபிக்ஷன், ஃபேன்டஸிக்கான ஹியூகோ விருது கொடுக்கறதும் அங்கதான். 2023 செங்டு, 2024 கிளாஸ்கோ, 2025 சியாட்டில். கிளாஸ்கோவுக்கும் சியாட்டிலுக்கும் ஆன்லைன்ல பாக்கற மெம்பர்ஷிப்பும் இருந்துச்சு, நம்ம ஊர்லேர்ந்து பாக்கறவங்களுக்கு அதுதான் வழி, நேர வித்தியாசத்தால ராத்திரி முழிக்கணும், அவ்வளவுதான். பெரிய பேர் இருக்கற ஹாலுக்கு எல்லாரும் ஓடுவாங்க, நான் உங்களுக்கு சொல்றது சின்ன ரூமுக்குப் போங்க. காஃபிகிளாட்ச்னு ஒண்ணு வெப்பாங்க, ஒரு எழுத்தாளர், ஒரு மேசை, சுத்தி பத்துப் பேர் அளவுக்கு, முன்கூட்டியே பேர் கொடுக்கணும். அங்க மைக் கிடையாது, ஹோஸ்ட் கிடையாது, மேடைல சொல்ற ரெடிமேட் பதில் அங்க செல்லுபடி ஆகாது, எழுத்தாளரும் கொஞ்சம் தோளைத் தளர்த்திட்டு பேசுவாங்க, இப்ப எழுதிக்கிட்டிருக்கற கதைல எங்க முட்டிக்கிட்டு நிக்கறாங்கன்னு சொல்வாங்க. அடுத்தது வாசிப்பு. நியூயார்க்ல ஈஸ்ட் வில்லேஜ்ல கேஜிபி பார்னு ஒரு இடத்துல மாசா மாசம் ஒரு புதன்கிழமை ரெண்டு ஊகப் புனைவு எழுத்தாளர்கள் வந்து வாசிப்பாங்க, டிக்கெட் கிடையாது. அந்தப் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ போற நம்ம பசங்க எத்தனையோ பேர் இருக்காங்க, பக்கத்துலயே இருந்தும் தெரியாம இருக்கக்கூடாதுன்னுதான் சொல்றேன். எழுத்தாளர் தன் கதையைத் தன் குரல்ல வாசிக்கறப்போ எந்த வாக்கியத்துல வேகம் கூட்டறாங்க, எதைச் சாதாரணமா தாண்டிப் போறாங்கன்னு பாத்தா, நீங்க சோகம்னு நினைச்சுப் படிச்ச இடம் அவங்களுக்கு சிரிப்பா இருந்திருக்கும்.

பேனல்னா நாலஞ்சு பேர் வரிசையா உக்காருவாங்க. இதுல பாதி சுமார்தான், உண்மையைச் சொல்லணும். ஒத்த கருத்து உள்ளவங்களை உக்கார வெச்சா தலையாட்டல்லயே நேரம் போயிடும். ரெண்டே பேர், ஒருத்தரை ஒருத்தர் பல வருஷமா தெரிஞ்சவங்க, அப்படி இருந்தா விட்டுடாதீங்க. 1998ல எம்ஐடில பட்லரும் இன்னொரு சயின்ஸ் ஃபிக்ஷன் எழுத்தாளரான சாமுவேல் டிலேனியும் சேர்ந்து உக்காந்த மாதிரி. 1970ல கிளாரியன்ங்கற எழுத்துப் பட்டறைல பட்லருக்குப் பாடம் எடுத்தவர்கள்ல டிலேனியும் ஒருத்தர், அந்தப் பழக்கம் மேடைல இருந்தா நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு விளக்கிக்கிட்டு இருக்க வேண்டியதில்ல, நேரா விஷயத்துக்குள்ள போயிடலாம்.

கேள்வி கேக்கறது பத்தி. ஐடியா எங்கேர்ந்து வருதுன்னு மட்டும் வேண்டாம். ஹார்லன் எலிசன்ங்கற எழுத்தாளர்கிட்ட இதைக் கேட்டா ஸ்கெனெக்டடிங்கற ஊர்லேர்ந்து வருது, காசு அனுப்பினா அனுப்பி வெப்பாங்கன்னு சொல்வாராம், அவ்வளவு தடவை கேட்டிருக்காங்க. அதே மாதிரி உங்களைப் பத்தி ரெண்டு நிமிஷம் சொல்லிட்டு கடைசில கேள்விக்குறி போடறதும் வேண்டாம், பின்னாடி பத்துப் பேர் நிக்கறாங்க. ஒரு கதையை, ஒரு காட்சியை, முடிஞ்சா ஒரு முடிவைப் பிடிச்சுக் கேளுங்க. இந்தக் கதைல தங்கச்சியோட பார்வைல சொல்லாம அண்ணன் பார்வைல ஏன் சொன்னீங்க, முதல்ல வேற மாதிரி எழுதிப் பாத்தீங்களா, அந்த உலகத்துல பணம்ங்கறதே ஏன் வரல, இப்படி. எழுத்தாளருக்கு தன் வேலையைக் கூர்ந்து படிச்ச ஒருத்தர் எதிர்ல நிக்கறார்னு ஒரு வினாடில தெரிஞ்சிடும், முதுகு நிமிரும், பதில் நீளும். கேள்வியைத் துண்டுப் பேப்பர்ல எழுதி வெச்சுக்கங்க, இங்கிலீஷ்ல கேக்கறது கூச்சமா இருந்தா நாலு வார்த்தைல கேளுங்க, உச்சரிப்பைப் பத்தி அங்க யாரும் கவலைப்படறதில்ல, பாதிப் பேர் வேற வேற நாட்டுலேர்ந்து வந்தவங்கதான்.

வீட்டுலேர்ந்து கேக்கறவங்களுக்கு ஒரே ஒரு பழக்கம் போதும்னு சொல்வேன், பேச்சுக்கு முன்னாடி அந்த எழுத்தாளரோட ஒரு சிறுகதையாவது படிச்சுடணும். நாவல் வேண்டாம், சிறுகதை, ஒரு சாயங்காலத்துல முடியறது. ஒண்ணுமே படிக்காம பேச்சைக் கேட்டா யாரோ ஒரு பெரியவர் ஏதோ சொல்றார்னுதான் இருக்கும், கதையைப் படிச்சுட்டுக் கேட்டா அவர் சொல்ற ஒவ்வொண்ணும் அந்தக் கதைல எங்கயோ போய் ஒட்டும். ஆக்சென்ட் பிடிபடலன்னா சப்டைட்டில் போட்டுக்கங்க, ஆனா ஸ்பீடை ஒன்றரை மடங்கு வைக்கறதை இந்த வகைப் பேச்சுக்கு மட்டும் பண்ணாதீங்க, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல அவங்க யோசிக்கற அந்த மௌனம்தான் நாம பாக்க வந்தது, வேகத்தைக் கூட்டினா முதல்ல போறதே அதுதான்.

எங்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டீங்க. லெ குவினோட ஆறு நிமிஷத்துல ஆரம்பிங்க. அது பிடிச்சா மறுநாள் கிளார்க்கோட 1974 கிளிப், அதுவும் சின்னதுதான். அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை டெட் சியாங் கதை ஒண்ணை காலைல படிச்சுட்டு மத்தியானம் அந்த க்ளைன் பாட்காஸ்டைப் போடுங்க, எழுத்து வடிவமும் கிடைக்குது, விட்டுப்போன இடத்தைப் பக்கத்துல வெச்சு சரிபாத்துக்கலாம். அந்த மந்திரம், தொழில்நுட்பம் பேச்சு வர்ற இடத்துல ஒரு தடவை நிறுத்திட்டு, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஃபேன்டஸி கதை ஒண்ணை எடுத்து அவர் சொல்றது அதுக்குப் பொருந்துதான்னு பாருங்க. எனக்கு ரெண்டு கதைக்குப் பொருந்தல, அதைப் பத்தி அவர்கிட்ட நேர்ல கேக்கணும்னு கேள்வி எழுதியே வெச்சிருக்கேன்.